மாட்டில் ‘ம்’ போனால் என்ன மிச்சம்?

என் மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது அறிவில் குறை இல்லாமலே எழுத்தைப் படிக்கவும் எழுதவும் சிரமப்படும் நிலை, என்று உறுதியானபோது அவளுக்கு எட்டரை வயது. அதற்கு முந்தைய இரண்டரை வருஷத்தில் நான் ஏறாத படி இல்லை, கேட்காத யோசனை இல்லை. போன இடத்தில் எல்லாம் அவள் முன்னால் எழுத்தைத்தான் வைத்தார்கள். பெரிய எழுத்து, மணலில் எழுதிய எழுத்து, வண்ணக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் எழுத்து. கடைசியில் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தவர் மட்டும் முதல் அரை மணி நேரம் தாளும் எடுக்கவில்லை, பேனாவும் எடுக்கவில்லை. வாயால் கேட்டார், அவள் வாயால் பதில் சொன்னாள். படிக்க வராத குழந்தையைப் படிக்கச் சொல்லாமலே சோதிக்கலாம் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அது தெரிந்திருந்தால் மிச்சமாகியிருக்கும் நாட்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சின்ன வயதில் அவள் சரியான வாயாடி. பேச்சு உரிய நேரத்தில் வந்தது, கதை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வாள். ஆனால் நீளமான சொற்களை உருட்டிவிடுவாள். ஹெலிகாப்டர் அவளுக்கு ரொம்ப நாள் ‘ஹெகிலாப்டர்’. தெரிந்த பொருளின் பெயரே நாக்கு நுனியில் நின்றுவிடும், “அதும்மா, அது, மேல சுத்துமே” என்பாள். இதை எல்லாம் மழலை என்று ரசித்தோம். ஒரு விளையாட்டு இப்போது நினைவுக்கு வந்தால் வயிற்றைப் பிசைகிறது. நான் “மரம், கரம், சரம்” என்று அடுக்கி, அடுத்து அதே மாதிரி ஒன்று சொல் என்பேன். அவள் “இலை” என்பாள். மரத்துக்கு இலை, சரியாகத்தானே சொல்கிறாள் என்று வீடே சிரித்தது. ஐந்து வயதிலும் சொல்லின் பொருளை மட்டுமே அவள் பிடித்தாள், ஓசை அவள் பிடியில் வரவில்லை. இது ஒன்றை வைத்து யாரும் முடிவு கட்ட வேண்டாம், எத்தனையோ குழந்தைகள் ஆறு வயதில் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பெயர் திக்குவது, நீளச் சொல் குழம்புவது, ஓசை விளையாட்டு பிடிபடாதது, குடும்பத்தில் இன்னொருவருக்கும் படிப்பில் இதே சிரமம் இருந்தது, இவை சேர்ந்து வந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்லெக்சியா குடும்பவழியில் வருவது. என் கணவர் எதையும் வாய்விட்டுப் படித்து நான் பார்த்ததில்லை. எந்தப் படிவம் வந்தாலும் “நீயே நிரப்பிடு, என் கையெழுத்து நல்லா இருக்காது” என்பார். கையெழுத்துதான் காரணம் என்று நானும் நம்பிவிட்டேன்.

முதல் வகுப்பில் ஆசிரியை “நல்லா வாசிக்கிறா” என்றே சொல்லி வந்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பாடப் பக்கத்தில் விரலை நகர்த்திக்கொண்டே கணீரென்று சொல்வாள். சொல்வதெழுதுதலில் மட்டும் இருபதுக்கு இரண்டு, மூன்று. ஒரு ராத்திரி ஏதோ உறுத்தி, அவள் நன்றாகப் படிக்கும் பாடத்தின் வரிகளை முன்னும் பின்னுமாகக் கலைத்து ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவள் விரலை வைத்து, பழைய வரிசையிலேயே கடைசிவரை சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கை கால் விறைத்துவிட்டது. ஒரு வருஷமாக அவள் படிக்கவே இல்லை, காதால் கேட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாபகசக்தி நன்றாக இருக்கும் குழந்தைகள் இப்படித்தான் நம்மை ஏமாற்றிவிடுகிறார்கள், அதுவும் சமத்தாக உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தை என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. உங்களுக்கு ஐயம் இருந்தால் இந்தக் கலைத்தெழுதும் சோதனையைச் செய்து பாருங்கள். பத்து நிமிஷ வேலை.

அப்புறம் நான் செய்தது சொல்லவே கூசுகிறது. தப்பான ஒவ்வொரு சொல்லையும் இருபது முறை எழுத வைத்தேன். டியூஷன் வைத்தேன், அங்கேயும் இருபது முறை. கப்பலுக்கு ‘கபல்’, பட்டத்துக்கு ‘படம்’, பாம்புக்கு ‘பாபு’, தங்கத்துக்கு ‘தகம்’. இருபது முறை சரியாக எழுதிவிட்டு மறுநாள் காலை மறுபடி ‘கபல்’ என்று எழுதுவாள். நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் கவனக்குறைவு, கவனக்குறைவு. ஒருநாள் முதுகில் அடித்துவிட்டேன். அவள் அழவில்லை, “நான் கவனமாத்தாம்மா எழுதினேன்” என்றாள். அன்று அதைக் காதில் வாங்கவில்லை. அந்த நோட்டுகளை இப்போதும் வைத்திருக்கிறேன். பிறகு எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, விட்டுப்போன எழுத்து எல்லாமே புள்ளி வைத்த எழுத்து. இரண்டு வருஷம் ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்திருக்கிறாள். கவனக்குறைவு அவ்வளவு ஒழுங்காக வராது. தப்பை எண்ணுவதை விட்டுவிட்டு எந்த வகைத் தப்பு என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பிறகு கண். எழுத்து தெரியாமல்தான் விடுகிறாள் என்று ஒருவர் சொல்ல, கண் பரிசோதனைக்குப் போனோம். பார்வையில் குறை இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். வேறோர் இடத்தில் கண்ணுக்குத் தனிப் பயிற்சி, வண்ணக் கண்ணாடி என்றார்கள். நீல நிறத்தில் ஒரு கண்ணாடி, வாரம் இரண்டு முறை பயிற்சி, ஏழு மாதம். எழுத்து ஆடுகிறதா என்று கேட்டார்கள், அவளும் பாவம், கேட்டதற்கு எல்லாம் தலையாட்டினாள். பின்னாளில் படித்துப் பார்த்தால், 2009-லேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து அறிக்கை விட்டிருக்கின்றன. கண் பயிற்சியோ வண்ணக் கண்ணாடியோ இந்தக் குழந்தைகளின் படிப்பை முன்னேற்றுவதற்குச் சான்று இல்லை என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணைச் சோதிப்பதில் தப்பே இல்லை, பார்வைக் குறை இருந்தால் கண்ணாடி போடத்தான் வேண்டும். பார்வை சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் கண்ணுக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாரும் ஏன் கண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. டிஸ்லெக்சியா என்ற சொல்லை 1887-இல் உருவாக்கிய ருடால்ஃப் பெர்லின் ஒரு கண் மருத்துவர். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி எழுதினார், அந்தக் குறையை அவர் குறிப்பிட்ட பெயரே ‘பிறவிச் சொற்குருடு’. பாடத்தை எல்லாம் வாய்வழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று பெர்சியின் ஆசிரியர் சொன்னதாக அதில் வருகிறது. அவன் தன் பெயரையே ‘ப்ரெசி’ என்று எழுதினான். ஹெகிலாப்டர் கேட்ட காதுக்கு இது எவ்வளவு பழக்கமான தப்பு! பெயர் குருடு என்று விழுந்துவிட்டதால் நூறு வருஷம் தாண்டியும் அம்மாக்கள் கண்ணாடி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

மூளைப் பயிற்சி நிலையம் ஒன்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தால் கோபம் வருகிறது. ஆறு மாதம், வாரம் மூன்று மாலை. பலகை மேல் நின்று பந்து பிடிப்பது, கையைக் குறுக்கே வைத்துக் காதைத் தொடுவது, கணினியில் மீன் பிடிப்பது. பந்து பிடிப்பதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். கப்பல் ‘கபல்’ ஆகவே இருந்தது. கண்ணுக்கும் இதற்கும் சேர்த்து என் மூன்று மாதச் சம்பளம் போயிற்று, கூடவே அவள் விளையாட வேண்டிய எத்தனையோ சாயங்காலங்களும். எங்கே சேர்ப்பதாக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்தப் பயிற்சியில் என் குழந்தை எந்த இடத்தில் ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் படிக்கப் போகிறாள்? பதில் சுற்றி வளைத்து வந்தால் அங்கே படிப்பு இல்லை.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. காது பரிசோதனை. உண்மையில் நான் சரியான திசையில்தான் போயிருக்கிறேன். ஆனால் கேட்கும் திறன் நூற்றுக்கு நூறு என்று தாள் வந்ததும், ஒலிப் பக்கம் ஒன்றுமில்லை என்று அந்தக் கதவையே சாத்திவிட்டேன். அதில் மேலும் ஐந்து மாதம் போயிற்று. சத்தம் காதில் விழுவது வேறு, விழுந்த சொல்லை மனசுக்குள் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பது வேறு. காது பரிசோதனை முதலாவதைத்தான் அளக்கிறது. அது சரியாக இருப்பதால் இரண்டாவதும் சரி என்று ஆகிவிடாது. இந்த ஒரு வாக்கியத்தை அன்று யாராவது சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

வேறு வழி தெரியாமல் போன இடம் ஒரு சிறப்புக் கல்வியாளரின் வீடு. வயதானவர், பேச்சு மொழிப் பயிற்சியும் படித்தவர். என்னையும் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். முதலில் கை தட்டச் சொன்னார். சொல்லுக்கு எத்தனை துண்டோ அத்தனை தட்டு. கப்-பல், இரண்டு. ஹெ-லி-காப்-டர், நான்கு. மகள் நன்றாகவே தட்டினாள், எனக்குத் தைரியம் வந்தது. பிறகு கேட்டார்: “கண்ணு, மாடு சொல்லு. இப்ப அதுல ‘ம்’ மட்டும் எடுத்துட்டுச் சொல்லு, என்ன மிச்சம்?” மகள் யோசித்தாள். “டு” என்றாள். மலையில் ‘ம்’ எடுத்தால்? “லை.” வீட்டில் ‘வ்’ எடுத்தால்? “டு.” இல்லாத சொற்களைச் சொல்லி அப்படியே திருப்பிச் சொல்லச் சொன்னார். ‘கிதுரோமல்’ என்பது வாய்க்குள் போய் வேறு எதுவோ ஆகி வெளியே வந்தது. வரிசையாக இருந்த படங்களின் பெயரை வேகமாகச் சொல்லச் சொன்னார், தெரிந்த பெயர்கள்தான், ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். எல்லாம் முடிந்து என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்கம்மா, மாடுல எத்தனை ஒலி?” என்றார். நான் இரண்டு என்றேன். அவர் சிரித்துவிட்டு நான்கு விரலை மடக்கினார். ம், ஆ, ட், உ. நான் எண்ணியது எழுத்தை.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். நாம் பேசும்போது ‘மா’ என்பது ஒரே மூச்சில் ஒரே கட்டியாக வருகிறது. ம் எங்கே முடிந்து ஆ எங்கே தொடங்குகிறது என்று வெட்டிக் காட்ட முடியாது. அசையை, அதாவது கை தட்டி எண்ணிய அந்தத் துண்டை, பிரிப்பது குழந்தைக்குத் தானாக வரும், ஒலியைப் பிரிப்பது அப்படி வராது. 1974-இல் இசபெல் லீபர்மன் என்பவரின் குழு அமெரிக்கக் குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தது. சொல்லைக் கேட்டு மேசையில் தட்ட வேண்டும். நான்கு, ஐந்து வயதில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அசைக்கேற்பத் தட்ட வந்தது, ஒலிக்கேற்பத் தட்ட நான்கு வயதில் ஒருவருக்கும் வரவில்லை, ஐந்து வயதில் 17 சதவீதம் பேருக்கே வந்தது. முதல் வகுப்பு முடியும்போது ஒலிக்கேற்பத் தட்டியவர்கள் 70 சதவீதம். டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்த இடம்தான் சிக்கல். எட்டு வயதிலும் என் மகள் அசையிலேயே நின்றுவிட்டாள். ‘ம்’ எடு என்றால் அவளால் ‘மா’வைத்தான் எடுக்க முடிந்தது, அதைவிடச் சின்னத் துண்டு அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது.

தமிழில்தான் ஓர் எழுத்து ஓர் அசை மாதிரி இருக்கிறதே, அப்புறம் எதற்கு ஒலி என்று நானும் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன கணக்கை மறக்கவே முடியாது. 12 உயிர், 18 மெய். இந்த முப்பதையும் ஒலியாகப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த குழந்தைக்கு 216 உயிர்மெய்யும் தானாக வந்துவிடும், கொம்பும் காலும் சுழியும் என்ன வேலை செய்கின்றன என்று பிடிபட்டுவிடும். பிரிக்கத் தெரியாத குழந்தைக்கு அவை 216 தனித்தனிப் படங்கள். என் மகள் அத்தனை படத்தையும் மனப்பாடம் செய்ய முயன்றுகொண்டிருந்தாள். ‘மு’ தெரியும், ‘கூ’ தெரியும், ‘மூ’ வந்தால் புதுசாகப் பார்ப்பாள். இது சோம்பேறித்தனம் என்று நான் திட்டியிருக்கிறேன்.

புள்ளி எழுத்து மர்மமும் அங்கேதான் அவிழ்ந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை மாத்திரை என்று பள்ளியில் படித்தோமே, அதை மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்தோம். ‘கப்பல்’ என்பதில் அந்த ப் நிற்கும் நேரம் அவ்வளவுதான். அசையாக மட்டும் கேட்கும் காதுக்கு அந்த அரை மாத்திரை முன் அசையோடு ஒட்டிப் போய்விடுகிறது. போதாததற்கு நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. பேச்சில் ‘மரம்’ என்று வாயை மூடி யார் சொல்கிறோம்? கடைசி ‘ம்’ மூக்கில் கரைந்துவிடுகிறது. காதுக்கே வராத ஒன்றை எழுது என்று அடித்திருக்கிறேன். அன்று வீடு திரும்பும் வழியில் அவள் தூங்கிவிட்டாள், நான் அழுதுகொண்டே வந்தேன்.

இதைப் படித்துவிட்டு மாடு-ஆடு கேட்டு வராத எல்லாக் குழந்தைக்கும் டிஸ்லெக்சியா என்று எண்ணிவிட வேண்டாம். ஒலியைப் பிரிக்கும் அறிவு படிப்பைக் கொண்டுவருகிறது, படிப்பும் அந்த அறிவைக் கொண்டுவருகிறது. 1979-இல் போர்ச்சுகலில் மொராய்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுத்தறியாத பெரியவர்களிடம் சொல்லின் முதல் ஒலியை நீக்கச் சொன்னார்கள். பெரும்பாலும் முடியவில்லை. அதே சூழலில் வளர்ந்து, பெரியவர்களான பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்களால் முடிந்தது. முறையாகச் சொல்லிக் கொடுக்காத குழந்தையும் இந்தக் கேள்வியில் திணறத்தான் செய்யும். அதனால் ஒழுங்காகச் சில மாதம் சொல்லிக் கொடுத்த பிறகும் நகரவில்லையா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். இன்னொன்று, ஒலி மட்டுமே முழுக் காரணமும் இல்லை. என் மகளுக்குப் படங்களின் பெயரைச் சொல்லும் வேகமும் குறைவு. ஜெர்மன் மாதிரி எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகள் தப்பு அதிகம் செய்வதில்லை, ஆனால் மிக மெதுவாகப் படிக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். “தப்பில்லாமத்தான் படிக்கிறா, கொஞ்சம் மெதுவு” என்று பள்ளியில் சொன்னால் நிம்மதி ஆகிவிடாதீர்கள்.

வீட்டுப் பயிற்சியில் முதல் மூன்று மாதம் நானே கெடுத்தேன். ஒலிதான் பிரச்சினை என்று தெரிந்ததும் எழுத்தை அடியோடு ஒதுக்கிவிட்டு வாய் விளையாட்டு மட்டும் விளையாடினேன். மலை-அலை, நிலை-இலை, கரும்பு-அரும்பு எல்லாம் வந்துவிட்டது, நோட்டில் மட்டும் ‘கபல்’. கல்வியாளர் தலையில் அடித்துக்கொண்டார். “ஒலியைப் பிரிச்சது எதுக்கும்மா, எழுத்துல வைக்கத்தானே?” என்றார். ஆக்ஸ்ஃபோர்டில் பிராட்லி, பிரயண்ட் இருவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டுகிறது. ஓசை இனம் காண்பதில் பின்தங்கிய சிறு பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு ஓசைப் பயிற்சி மட்டும், இன்னொரு குழுவுக்கு ஓசையோடு பிளாஸ்டிக் எழுத்துகளும் கொடுத்தார்கள். படிப்பில் முன்னே போனது எழுத்தையும் சேர்த்துப் பழகிய குழு. நான் மூன்று மாதம் கழித்து வந்து சேர்ந்த இடம் அது.

பிறகு செய்த முறையைச் சொல்கிறேன். சட்டைப் பொத்தான்கள் பத்து, ஒரு தாளில் வரிசையாகக் கட்டங்கள். சொல்லை மெதுவாக இழுத்துச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு பொத்தானைக் கட்டத்துக்குள் தள்ள வேண்டும். எல்கோனின் என்ற சோவியத் உளவியலாளர் பிரபலப்படுத்திய முறை இது. ஒரு வாரம் ஆனதும் பொத்தானுக்குப் பதில் எழுத்து அட்டை. இழுக்க வரும் ஒலியிலிருந்து தொடங்குங்கள். ம், ல், ன் எல்லாம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீளும். க், ட், ப் இழுபடாது, அவற்றைக் கடைசியில் வையுங்கள். இன்னொரு கண்ணி, நாம் மெய்யெழுத்தை ‘இக், இங், இச்’ என்று சொல்லிக் கொடுக்கிறோம். அது எழுத்தின் பெயர், ஒலி அல்ல. ‘இப்’பும் ‘ஆ’வும் சேர்ந்தால் என்ன என்று கேட்டால் குழந்தை ‘இப்பா’ என்றுதான் சொல்லும், என் மகள் சொன்னாள். வாயை மூடித் திறக்கும் அந்த ப்-ஐ மட்டும் காட்டி, உதட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்ன பிறகுதான் புரிந்தது. ‘பட்டம்’, ‘படம்’ இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி, நாக்கு எங்கே கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது என்று அவளையே கவனிக்கச் சொன்னேன். “இங்க மாட்டிக்குது!” என்று அவள் கத்தியது நினைவிருக்கிறது. புள்ளி எழுத்துக்கு எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ‘மாட்டிக்கிற எழுத்து’ என்று பெயர்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், அதற்கு மேல் இல்லை. அழுகை வருவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும், நான் பல நாள் வந்த பிறகு நிறுத்தியிருக்கிறேன். இதையே வருஷக்கணக்கில் இழுக்கவும் வேண்டாம். 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மொத்தம் 5 முதல் 18 மணி நேரம் வரை கொடுத்த ஒலிப் பயிற்சியே அதிகப் பலன் தந்திருக்கிறது. அது எல்லா வகைப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு, டிஸ்லெக்சியா உள்ள குழந்தைக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம். ஒலி பிடிபட்டதும் மிச்ச நேரம் எல்லாம் உண்மையான படிப்புக்குப் போக வேண்டும். எங்களுக்கு ஒலி பிடிபட நான்கைந்து மாதம் ஆயிற்று. சொல்லை எழுத்துக்கூட்டி நம்பிக்கையாகப் படிக்க ஒன்றேகால் வருஷம்.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. படிக்கிறாள், மெதுவாக. கப்பலில் ப் இருக்கிறது. ணகரமும் னகரமும் இன்னும் இடம் மாறும், அது எனக்கும்தான் மாறுகிறது. ஆங்கிலம் வேறொரு மலை, 26 எழுத்தை வைத்துக்கொண்டு நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளை எழுதுகிறார்கள், அதைத் தனியாகத்தான் ஏற வேண்டும். பள்ளியில் இரண்டே விஷயம் கேட்டேன். முன்னறிவிப்பில்லாமல் வகுப்பு முன்னால் வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டாம், தேர்வில் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். அறிக்கையைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்கள். மகளிடம் அந்த அடிக்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு ஞாபகம் இல்லை என்றாள். இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

என் மாமியார் இதை எல்லாம் பார்த்துவிட்டு ஒருநாள், “இவ அப்பனும் இப்படித்தான் எழுதுவான், வாத்தியார் பெஞ்சு மேல நிக்க வெப்பாரு” என்றார். கணவர் எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அதற்கு அப்புறம் சில வாரம் கழித்து, நாங்கள் பொத்தான் விளையாடும்போது தானாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகள் விடவில்லை. “அப்பா, தேன்ல ‘த்’ எடுத்தா என்ன வரும்?” என்று பொத்தான்களை அவர் பக்கம் தள்ளினாள். அவர் ரொம்ப நேரம் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு சின்னக் குரலில் “ஏன்?” என்றார். “ஏன்னா இந்த விளையாட்டு எல்லாரும் விளையாடணும்பா” என்று மகள் சொல்லிவிட்டு, ஒரு நொடி நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கேள்வி கேட்டாரா, பதில் சொன்னாரா என்று எனக்கும் அப்போது தெரியவில்லை.